வலியில்லாத இடுப்பு மூட்டுக் குறைபாடும் தவறவிடக் கூடாத வருகைகளும்

சென்ற இதழில் பிறவியிலேயே வளைந்து அமையும் பாதத்தைப் பற்றிப் பார்த்தோம். அக்குறை கண்ணுக்குத் தெரியும். பிரசவ அறையிலேயே செவிலியர் சுட்டிக்காட்டுவார்; குழந்தையைப் பார்க்க வரும் உறவினர் ஒவ்வொருவரும் அதைப் பற்றிக் கேட்பர்; ஆதலால் பெற்றோர் சிகிச்சையை மறக்க வழியில்லை. இவ்விதழில் நாம் எடுத்துக்கொள்ளும் குறைபாடு அதற்கு நேர்மாறானது. தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்பெலும்பின் குழியில் சரிவரப் பொருந்தாத நிலை அது. மருத்துவக் குறிப்பில் 'இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு' என்று எழுதப்பட்டிருக்கும். குழந்தைக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பால் நன்றாகக் குடிக்கிறது, எடை கூடுகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது. மருத்துவர் மட்டும், "அடுத்த வாரம் மறுபடியும் வாருங்கள்" என்கிறார்.

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ இரவு ஷிப்ட் முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கும் தந்தைக்கு அப்போது எழும் கேள்வி நியாயமானதே: "நன்றாகத்தானே இருக்கிறாள், இதற்காக இன்னொரு நாள் சம்பளத்தை விட வேண்டுமா?" அக்கேள்விக்கு விடை கூறுவதே இப்பாடத்தின் நோக்கம். ஒவ்வொரு வருகையிலும் மருத்துவர் எதைத் தேடுகிறார், அவ்வருகை தவறினால் எது கைநழுவிப் போகும் என்பது தெரிந்துவிட்டால், எந்த நாளை ஓரிரு தினங்கள் தள்ளிவைக்கலாம், எந்த நாளைத் தள்ளவே கூடாது என்பதும் விளங்கிவிடும்.

கிண்ணமும் பந்தும்

இடுப்பு மூட்டை ஒரு கிண்ணமாகவும் அதனுள் சுழலும் பந்தாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பில் இருப்பது கிண்ணம். தொடை எலும்பின் மேல்முனையில் இருப்பது பந்து. பிறந்த குழந்தையிடம் இவ்விரண்டும் பெரும்பாலும் மிருதுவான குருத்தெலும்பாகவே உள்ளன. பந்து உள்ளே அமர்ந்திருப்பதனால்தான் கிண்ணம் ஆழமாக வளர்கிறது. கிண்ணம் தழுவியிருப்பதனால்தான் பந்து உருண்டையாக வளர்கிறது. பந்து வெளியே நழுவி நின்றால் கிண்ணம் தட்டையாகும். காலப்போக்கில் அதன் உட்புறத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்பிவிடும். பிறகு பந்தை உள்ளே கொண்டுவர முயன்றாலும் அமர இடம் இராது.

எனவேதான் ஒரே குறைபாட்டுக்கு வயதுக்கேற்ப வெவ்வேறு சிகிச்சைகள் அமைந்துள்ளன. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டால் பெரும்பாலும் துணிப்பட்டையே போதும். அந்த வயதைக் கடந்துவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மூட்டைப் பொருத்தி, மார்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட நேரிடும். ஒன்றரை வயதுக்குப் பின் பெரும்பாலோர்க்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். எலும்பை வெட்டித் திருத்துவதும் அதில் சேரக்கூடும். காலம் செல்லச் செல்லச் சிகிச்சை கடினமாகிறது. வலி மட்டும் அப்போதும் வருவதில்லை. மூட்டு தேய்ந்து வலி தொடங்குவது பெரும்பாலும் பெரியவர்களான பிறகுதான். நார்வே நாடு தன் மக்களுக்குச் செய்யப்படும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைகளைப் பல்லாண்டுகளாகப் பதிவேட்டில் குறித்து வருகிறது. அங்கே 60 வயதுக்குட்பட்டவர்களுக்குச் செய்யப்பட்ட இடுப்பு மூட்டு மாற்றங்களில் கால் பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு இக்குறைபாடே மூல காரணமாகக் காணப்பட்டது.

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று அல்லது இரண்டுக்கு மூட்டு முழுமையாக விலகியிருக்கும். இலேசான தளர்ச்சி அதனினும் மிகுதி. பெண் குழந்தைகளிடமே இது பன்மடங்கு அதிகம். கருப்பையில் தலை மேலாகவும் புட்டம் கீழாகவும் இருந்த குழந்தை, முதற்குழந்தை, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இக்குறை இருந்த குழந்தை, பனிக்குட நீர் குறைவாக இருந்த கருவில் வளர்ந்த குழந்தை ஆகியோரிடம் வாய்ப்புக் கூடுதல். வலப்புறத்தைவிட இடப்புறத்தில் அதிகம் காணப்படும். கருப்பையில் குழந்தையின் இடத்தொடை தாயின் முதுகெலும்பை ஒட்டி ஒடுங்கிக் கிடப்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

இங்கே தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "கர்ப்ப காலத்தில் நின்றபடியே வேலை செய்தேனே, அதனாலா?", "கிரகணத்தன்று வெளியே வந்தேனே, அதனாலா?" என்று எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்பவர்கள் உண்டு. சில வேளைகளில் அக்கேள்வியை வீட்டிலுள்ள வேறொருவர் உரத்த குரலில் ஏற்கெனவே கேட்டிருப்பார். இரண்டும் காரணமல்ல. இக்குறைபாடு தாயின் தவறால் வருவதன்று. இதைக் குடும்பத்தில் மூத்தவர்களையும் அழைத்து வைத்து விளக்குமாறு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வீட்டுப் பழக்கங்கள்

பிறந்த பின்னர் நாம் செய்யும் சில செயல்கள் தளர்ந்த மூட்டை மேலும் விலகச் செய்யும் என்பது உண்மை. குழந்தையின் கால்களை நேராக நீட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் துணியால் இறுகச் சுற்றுவது அவற்றுள் முதன்மையானது. ஜப்பானில் 1975 அளவில், பச்சிளங் குழந்தைகளின் கால்களை நீட்டிக் கட்ட வேண்டாம் என்று நாடு முழுவதும் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் எடுத்துரைத்தனர். அதன் பின் அங்கே இக்குறைபாடு வெகுவாகக் குறைந்தது. குளிருக்குத் துணி சுற்றலாம். ஆனால் இடுப்புக்குக் கீழே தளர்வாக, முழங்கால்கள் மடங்கித் தவளைக் கால்போல் விரிய இடம்விட்டுச் சுற்ற வேண்டும்.

எண்ணெய்க் குளியலிலும் கவனம் தேவை. நீட்டிய கால்கள்மேல் குழந்தையைக் கிடத்தி நீராட்டும் நம் வழக்கத்தில் கேடில்லை. நீராட்டிய பின் "கால் வளையாமல் இருக்கட்டும்" என்று இரு கால்களையும் சேர்த்துப் பிடித்து இழுத்து நீவுவதையும், கணுக்காலைப் பற்றித் தலைகீழாகத் தூக்குவதையும் விட்டுவிட வேண்டும். தூளியைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். கால்கள் மடங்கி விரிந்திருக்க இடமுள்ள அகலமான தூளி வேறு. இரு தொடைகளையும் நெருக்கிப் பிடிக்கும் குறுகிய தூளி வேறு. மூட்டில் குறை கண்டறியப்பட்ட குழந்தையைப் பொறுத்தவரை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். கழுத்து நின்ற குழந்தையை இடுப்பில், கால்கள் இருபுறமும் விரிந்திருக்கத் தூக்கிவைத்துக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கமோ மூட்டுக்கு நன்மையே செய்கிறது. அதைத் தாராளமாகத் தொடரலாம்.

முதலில் கண்டுகொள்பவர் யார்?

தடுப்பூசி நாள்களே இடுப்பைப் பார்ப்பதற்கும் ஏற்ற நாள்கள். பிறந்தவுடன், பின்னர் 6, 10, 14 ஆவது வாரங்களில் எவ்வாறும் குழந்தையைக் கொண்டு வருகிறோம். "இடுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். 2013 இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், பிறவிக் குறைபாடுகளுள் கண்டறிய வேண்டியவை எனப் பட்டியலிட்ட ஒன்பதில் இடுப்பு மூட்டுக் குறைபாடும் ஒன்று. அத்திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வருகின்றனர். குறை இருப்பதாக ஐயுறும் குழந்தைகளை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பிவைக்கின்றனர்.

பிறந்த சில வாரங்களில் மருத்துவர் செய்யும் சோதனைகள் இரண்டு. ஒன்று, வெளியே நிற்கும் பந்தை மெல்ல உள்ளே கொண்டுவந்து பார்ப்பது. இத்தாலிய மருத்துவர் ஒர்டோலானியின் பெயரால் வழங்குவது. மற்றொன்று, உள்ளே இருக்கும் பந்து எளிதில் வெளியே நழுவுகிறதா என்று பார்ப்பது; ஆங்கில மருத்துவர் பார்லோவின் பெயரால் வழங்குவது. இரண்டுக்கும் வேண்டியது மருத்துவரின் கைநுட்பமும் குழந்தையின் அமைதியும். பசியால் வீறிடும் குழந்தையின் தசைகள் இறுகிவிடும். அப்போது செய்யும் சோதனையை நம்ப முடியாது. ஆகையால் டோக்கன் எண் நெருங்கும்போது பால் கொடுத்துவிடுங்கள். குழந்தை பசியாறும்வரை பொறுத்திருக்குமாறு செவிலியரிடம் கேட்பதில் பிழையேதும் இல்லை.

மூன்று மாதத்துக்குப் பின் இச்சோதனைகள் பயன் குன்றிவிடும். அப்போது முதலில் கண்டுகொள்பவர் பெரும்பாலும் தாயோ பாட்டியோதான். துணி மாற்றும்போது ஒரு கால் எளிதாக விரிகிறது, மற்றொன்று பாதியில் தடைப்படுகிறது என்பதே கவனிக்க வேண்டிய முதல் அறிகுறி. குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு முழங்கால் தாழ்ந்து தெரிவது இரண்டாவது. தொடை மடிப்புகள் இருபுறமும் ஒத்திராமை பல நலமான குழந்தைகளிடமும் காணப்படுவதால், அது ஒன்றை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் காட்டிவிடுங்கள். இரு பக்கமும் விலகியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பக்கம் இராது. அத்தகைய குழந்தைகளின் குறை நடக்கத் தொடங்கும்வரை தெரியாமலே போவதுண்டு. அதனால்தான், புட்டம் கீழாகப் பிறந்த குழந்தைக்கு வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆறாவது வாரத்தை ஒட்டி இடுப்பு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறோம்.

பட்டை அணிந்த வாரங்கள்

பெற்றோர் 'பெல்ட்' என்று அழைக்கும் பாவ்லிக் பட்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். செக் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆர்னால்ட் பாவ்லிக் காலத்தில், குழந்தையின் கால்களை விறைப்பான கட்டுகளால் அசையவிடாமல் விரித்து வைப்பதே வழக்கமாக இருந்தது. அதனால் பல குழந்தைகளுக்குப் பந்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு சிதைந்தது. பாவ்லிக் 1940களில் வேறு வழியைச் சிந்தித்தார். கால்களை நீட்டுவதையும் ஒன்றோடொன்று சேர்ப்பதையும் மட்டும் தடுத்து, மற்ற அசைவுகளைக் குழந்தைக்கே விட்டுவிட்டார். உதைக்கும் ஒவ்வொரு முறையும் பந்து கிண்ணத்துக்குள் தன் இடத்தைத் தேடிச் செல்கிறது. எனவே பட்டை அணிந்த குழந்தை உதைப்பதே சிகிச்சை. பேருந்தில் யாரேனும், "பச்சைப் பிள்ளையை ஏன் இப்படிக் கட்டிப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் சொல்வதற்கு இவ்விடை போதும்.

முதல் வார வருகையில் மருத்துவர் பார்ப்பது முழங்காலை. முன்பட்டை அளவுக்கு மீறி இறுகினால் தொடையின் முன்புறத்து நரம்பு அழுந்தும். குழந்தை முழங்காலை நீட்டி உதைக்க முடியாமல் போகும். வீட்டில் நீங்கள் நாள்தோறும் கவனிக்க வேண்டியதும் இதுவே. நேற்றுவரை உதைத்த கால் இன்று அசையவில்லையெனில் அடுத்த வருகைவரை காத்திராமல் அன்றே வாருங்கள். தாமதமின்றிப் பட்டையைத் தளர்த்தினால் பெரும்பாலும் நரம்பு மீண்டுவிடும். அக்குளிலும் கழுத்திலும் முழங்கால் பின்புறத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்பதையும் அன்று பார்ப்பார்கள். நம் ஊர் வெயிலில் வேர்க்குருவும் புண்ணும் எளிதில் வரும். பட்டைக்கு அடியில் பவுடரும் எண்ணெயும் வேண்டாம். மெல்லிய பருத்திச் சட்டையும் முழங்கால்வரை நீண்ட காலுறையும் போதும். நாளைக்கு எத்தனை மணி நேரம் அணிய வேண்டும், குளிப்பாட்டக் கழற்றலாமா என்பது குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொன்னதைப் பின்பற்ற வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கொருமுறையாவது வரச் சொல்வதற்குக் காரணம் குழந்தையின் வளர்ச்சியே. முதல் மாதம் சரியாக இருந்த பட்டை அடுத்த மாதம் சிறுத்துவிடும். அதை வீட்டிலேயே தளர்த்தினால் கால் கீழிறங்கிப் பந்து நழுவும். இறுக்கினால் நரம்பு அழுந்தும். அதனால்தான் வார்கள் நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு அனுப்புகிறோம். கழற்றிப் போடும்போது கோடு தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தள்ளவே கூடாத நாள் ஒன்று உண்டு என்றோமே, அது மூன்றாம் வாரத்தை ஒட்டிய வருகை. முழுமையாக விலகியிருந்த மூட்டு, பட்டை அணிந்து மூன்று அல்லது நான்கு வாரங்களுக்குள் உள்ளே வந்துவிட்டதா என்று அன்று ஸ்கேனில் பார்க்கப்படும். வந்திருந்தால் மகிழ்ச்சி, தொடர்ந்து அணியலாம். வராவிட்டால் பட்டையை நிறுத்திவிட வேண்டும். இது பலருக்கு வியப்பளிக்கிறது. "இன்னும் ஒரு மாதம் போட்டுப் பார்ப்போமே" என்கின்றனர். வெளியே நிற்கும் பந்தைப் பட்டை ஒவ்வொரு நாளும் கிண்ணத்தின் பின்சுவர்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். அச்சுவர் தேய்ந்துபோனால் பின்னர் செய்யவேண்டிய சிகிச்சையும் கடினமாகும். குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருக்கும். பட்டையும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்கேன் இல்லாமல் அணிந்த அந்த ஒரு மாதம் நன்மைக்குப் பதிலாகத் தீமை செய்திருக்கும். ஷிப்ட் மாற்றமோ திருவிழாவோ ஊர்ப்பயணமோ குறுக்கிட்டால் வேறு வருகையை ஓரிரு நாள் மாற்றித் தருமாறு கேளுங்கள். இதை மாற்ற வேண்டாம்.

இரண்டு ஊர்களுக்கு நடுவே

நம் பகுதிக்கே உரிய இடர் ஒன்றுண்டு. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைகளில் பணிபுரியும் இளந்தம்பதியர் பலர் வெளிமாவட்டத்தார். பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையுடன் திரும்புகிறாள். பட்டை தொடங்கியது திருவண்ணாமலையில். தொடர வேண்டியது இங்கே. அங்கிருந்த மருத்துவர், இனி இங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார். இங்கே அக்குழந்தையை யாரும் அறியார். வருகை ஒன்று இரண்டு ஊர்களுக்கு நடுவே விழுந்து காணாமற் போகிறது.

இதற்கு எளிய வழி உண்டு. ஊரிலிருந்து புறப்படுமுன், வரவேண்டிய அடுத்த தேதியை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறிக்கைத் தாளை மட்டுமன்றி ஸ்கேன் படத்தையும் கேட்டு வாங்குங்கள். படத்தில் கிண்ணத்தின் கோணத்தை அளந்து பார்த்தே மருத்துவர் முடிவெடுக்கிறார். ஆஸ்திரிய மருத்துவர் கிராஃப் வகுத்த அம்முறையில் 60 பாகைக்கு மேல் இருந்தால் நன்று. பழைய படம் இல்லாமல், கோணம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று எவராலும் கூற இயலாது. தாய் சேய் நல அட்டை, பிறந்தபோது கொடுத்த வெளியேற்றச் சுருக்கம், பட்டை தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள்.

பேறுகாலச் சட்டத்தின் 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துக்கொண்டவருக்குப் பின்னர் எஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதம் சொச்சம். முதல் எக்ஸ்ரே எடுக்க வேண்டிய காலமோ நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை. தாய் வேலைக்குத் திரும்பும் வாரமும், முக்கியமான வருகையும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. பட்டையும் கழற்றியாகிவிட்டது, குழந்தையும் குப்புற விழுந்து விளையாடுகிறாள். அந்த வருகையை விட்டுவிடுவது எவ்வளவு எளிது! எங்கள் அனுபவத்தில் குடும்பங்கள் விடுபட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேலைக்குத் திரும்பும் தேதியை முடிவு செய்யும்போதே எக்ஸ்ரே தேதியையும் கேட்டு, அதற்கு முன் வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். அன்று குழந்தையை அழைத்துவரப் போவது பாட்டியெனில், என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைத்து அனுப்புங்கள்.

செலவைப் பற்றி இரண்டு குறிப்புகள். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாமல் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பவரின் குழந்தைக்கும் அதில் மருத்துவ உரிமை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறுவனம் மாறும்போது புது எண் எடுக்க வேண்டியதில்லை; காப்பீட்டு எண் வாழ்நாள் முழுவதும் ஒன்றே. பழைய எண்ணைப் புது நிறுவனத்தில் கொடுத்துவிட்டால் குழந்தையின் சிகிச்சைத் தொடர்பு அறுபடாது. குழந்தையின் பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்த்துவிட்டீர்களா என்று இப்போதே பாருங்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் பார்ப்பதில் பயனில்லை. இ.எஸ்.ஐ. இல்லாத, குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி உதவி மேசையில் கேட்கலாம்.

பயணத்துக்கு இருசக்கர வாகனம் வேண்டவே வேண்டாம். பட்டை அணிந்த குழந்தையின் கால்களை வண்டியில் இருவருக்கிடையே ஒடுக்கி வைத்து வருவதைக் காண்கிறோம். அந்த அரைமணி நேரம் பட்டை செய்யும் வேலைக்கு எதிரான வேலை நடக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. ஷிப்ட் மாறும் நேரத்து நெரிசலைத் தவிர்த்து, அதற்குப் பின்வரும் பேருந்தில் வாருங்கள். சற்றுத் தாமதமாக வந்தாலும் பார்த்து அனுப்புவோம்.

ஸ்கேனிலிருந்து எக்ஸ்ரேக்கு

"அன்று ஸ்கேன் போதும் என்றீர்கள், இன்று எக்ஸ்ரே என்கிறீர்களே?" என்று பலர் கேட்கின்றனர். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில் தெரியும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பந்தின் நடுவே எலும்பு உருவாகத் தொடங்கும். அதன்பின் ஸ்கேன் ஒலி உள்ளே ஊடுருவுவது கடினமாகி, எக்ஸ்ரேயே தெளிவாகக் காட்டும். அதன் கதிர்வீச்சு மிகக் குறைவு. படமெடுக்கும்போது குழந்தையின் இடுப்பு கோணாமல் நேராக இருக்க வேண்டும். கோணிய படம் நல்ல மூட்டையும் கெட்டதாகக் காட்டும். கால்களைப் பிடித்துக்கொள்ளப் பெற்றோரில் ஒருவரை அழைப்பார்கள். கருவுற்றிருப்பவர் அதைச் செய்யக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேனில் நலமாகத் தெரிந்த சில மூட்டுகள்கூட ஓராண்டுக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரேயில் கிண்ணம் ஆழம் போதாமல் காணப்படுகின்றன. பட்டை கழற்றிய பிறகும் வரச் சொல்வது இதனால்தான்.

குழந்தை நடக்கத் தொடங்கும்போது இன்னொரு வருகை. ஒரு பக்கம் சாய்ந்து நடப்பது, ஒரு காலில் நுனிவிரலால் ஊன்றுவது, இரு பக்கமும் அசைந்து வாத்துப்போல் நடப்பது ஆகியவற்றை இருபது அடி தூரம் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கேற்றவாறு அரைக்கால் சட்டை அணிவித்து வாருங்கள். பாவாடையில் முழங்கால் தெரிவதில்லை. "நடக்க நடக்கச் சரியாகிவிடும்" என்பதை நம்பி இரண்டு மூன்று வயதுவரை காத்திருந்து வருவோரும் உள்ளனர். பெண்பிள்ளை நொண்டுகிறாள் என்று வெளியே தெரிந்தால் நாளைக்குத் திருமணப் பேச்சில் தடை வரும் என்றஞ்சி மறைப்பதும் உண்டு. மறைத்த ஆண்டுகளில் விலகிய மூட்டு தானாகப் பொருந்துவதில்லை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரிடம் காட்டி இழுத்து உருவிவிடுவதும் கூடாது. இது சுளுக்கன்று, வலிந்து இழுத்தால் பந்தின் இரத்த ஓட்டம் கெட்டுவிடும்.

மாவுக்கட்டு நிலைக்கு வந்துவிட்ட குழந்தைகளைப் பற்றித் தனி இதழே தேவை. இப்போதைக்குச் சில மட்டும். கட்டு ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கும். இடையில் ஒருமுறை மயக்கத்தில் மாற்றப்படும். மயக்க மருந்துக்கு முன் தாய்ப்பால் 4 மணி நேரமும், பிற பாலும் திட உணவும் 6 மணி நேரமும் நிறுத்துவது பொது விதி. "அழுகிறாளே" என்று ஒரு வாய் ஊட்டிவிட்டதை மறைத்துவிடாதீர்கள். அன்றைய சிகிச்சை தள்ளிப்போகும், அவ்வளவே. மறைத்தால் உயிருக்கே ஆபத்து. கட்டுப் போட்ட பின் கால்விரல்களின் நிறத்தைப் பாருங்கள். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, வீங்கினாலோ, கட்டுக்குள்ளிருந்து துர்நாற்றம் வந்தாலோ நள்ளிரவாயினும் வாருங்கள்.

பள்ளிக்குச் செல்லும் வயதில் வருகைகள் ஆண்டுக்கு ஒன்று, பின்னர் இரண்டாண்டுக்கு ஒன்று எனக் குறைந்துவிடும். எலும்பு வளர்ச்சி முடியும்வரை, அதாவது ஏறத்தாழ பதினைந்து பதினாறு வயதுவரை அவை தொடர வேண்டும். வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில் அதுவரை நன்றாயிருந்த கிண்ணம் மீண்டும் பந்தைச் சரிவர மூடாமல் போவதுண்டு. அப்போதும் அக்குழந்தை ஓடுவாள், ஆடுவாள், வலியென்று சொல்லமாட்டாள். ஏப்ரல், மே விடுமுறையில் தேதி கேட்டு வாங்கினால் பள்ளியும் கெடாது. அதற்குள் வீடு மாறியிருக்கும், வேலை மாறியிருக்கும், கைப்பேசி எண்ணும் மாறியிருக்கும். எண் மாறியதைப் பதிவு மேசையில் சொல்லிவிடுங்கள். கோப்பின் முதல் தாளில், எந்தப் பக்க மூட்டு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பட்டையோ கட்டோ இருந்தது, கடைசி எக்ஸ்ரே எடுத்த நாள், அடுத்து வரவேண்டிய நாள் ஆகிய நான்கையும் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். பதினோரு பன்னிரண்டு வயதில் அத்தாளை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பட்டை அணிந்த நாள்கள் அவள் நினைவில் இரா.